லெம்பியின் கைகளுக்கு ஒரு பூஜ்யம்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் கங்காஸ் கடையில் கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி கிடைக்காது. ஹான்காக் ஊருக்கே இது தெரியும். வெளியூரிலிருந்து வந்து தெரியாமல் கதவைத் தட்டுகிறவர்களுக்கு லெம்பி கண்ணாடிக்கு உள்ளேயிருந்தே கொல்லைப்புறத்துப் புகையைக் காட்டுவாள். சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது, இனிமேல் வியாபாரம் கிடையாது என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் புகையை நிறுத்தியவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். அதுவும் அவள்மேல் வைத்த ஆசையால்.

ஆர்வோ கங்காஸ் செப்புச் சுரங்கத்தில் பாதி வாலிபத்தைப் புதைத்தவன். சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்று ஒரு காலையில் வீடு திரும்பி, தொப்பியை மேசைமேல் வைத்தான். லெம்பி அவனைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள்.

"நான் பாஸ்டி பண்றேன். நீ அடுப்பப் பாத்துக்கோ."

அவ்வளவுதான். இருவருமே பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அந்த வீடுகளில் கல்யாணப் பேச்சுகூட இவ்வளவு நீளம் போகாது.

முன்னறையைக் கடையாக்கினார்கள். ஆர்வோ மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் நறுக்கிக் கொடுப்பான். லெம்பி மாவைப் பரப்பி, கறியை வைத்து மூடி, சோமாசிக்கு மடிப்பது போல ஓரத்தை மடித்துக்கொண்டே போவாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஆள்காட்டி விரலால் ஒரு மடிப்பு. இருட்டில் தடவிப் பார்த்தே இது கங்காஸ் கடைப் பாஸ்டி என்று சொல்லிவிடுவார்கள். வேறு யார் மடித்தாலும் அந்த ஓரம் வராது.

வெள்ளிக்கிழமைகளில் நிசு. ஏலக்காய் தட்டிப் போட்டு, சடை மாதிரிப் பின்னிச் சுடுகிற இனிப்பு ரொட்டி. அடுப்பில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், லாபமோ சொற்பம். ஆனால் நிசு மாவு பிசையும்போது மட்டும் லெம்பி வாய்க்குள்ளேயே ஏதோ பாடுவாள். என்ன பாட்டு என்று ஆர்வோ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

வாரம் முழுக்க அவர்களுக்குள் பேச்சு என்று ஒன்றும் பெரிதாக இராது. மாவு வந்தாச்சா, வந்தாச்சு. பனி பெய்யுதா, பெய்யுது. சனிக்கிழமை சவுனாவில், கல்லில் ஊற்றிய தண்ணீர் சீறி ஆவியாகி அறையை நிரப்பும்போதுதான் லெம்பியின் வாய் திறக்கும். அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் அவள் தன் அம்மா செத்ததற்கு அழுதாள். குழந்தை இல்லை என்பதை இருவரும் ஒப்புக்கொண்டதும் அங்கேதான். முதல் ஆளாகக் குளித்துவிட்டுப் போய் லெம்பியின் அண்ணன் ரூடி சமையலறையில் காத்திருப்பான். இவர்கள் சிவக்கச் சிவக்க வெளியே வந்ததும் காபியும் நிசுவும்.

ஒரு சனிக்கிழமை அந்த ஆவிக்குள்ளிருந்து லெம்பியின் குரல் வந்தது.

"எங்க அப்பா ஏரிக்கரையில ஒரு சவுனா வச்சிருந்தாரு. உடம்பு தகதகன்னு ஆனதும் ஒரே ஓட்டமா ஓடிப் போய்த் தண்ணில விழுவோம். அப்பா போனதும் வித்துட்டாங்க."

"அப்படி ஒண்ணு வேணுமா உனக்கு?"

"கேட்டேனா நான்? சும்மா சொன்னேன்."

அவள் சும்மா எதையும் சொல்கிறவள் இல்லை என்பது ஆர்வோவுக்குத் தெரியும். அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான்: என்ன ஆனாலும் சரி, ஏரிக்கரையில் இவளுக்கு ஒரு சவுனா கட்டிக் கொடுக்காமல் விடமாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஊர்க் கல்லூரியில் சிறு வியாபாரிகளுக்கு மாலை வகுப்பு தொடங்கினார்கள். ஆர்வோ போய்ச் சேர்ந்தான். சொல்லிக் கொடுத்தவர் பாஸ்கோ என்ற கணக்கு வாத்தியார். நேரியல் திட்டமிடல் என்று பலகையில் எழுதிவிட்டு, பெயரைக் கண்டு மிரளாதீர்கள் என்றார். உங்களிடம் இருப்பது எல்லாமே அளவோடுதான் இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கோடு போடுங்கள். கோடுகளுக்குள் அடங்கிய இடம்தான் உங்களால் முடிந்தது. அதில் ஏதோ ஒரு மூலையில்தான் அதிகபட்ச லாபம் உட்கார்ந்திருக்கும். போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆர்வோவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பூமிக்கடியில் செம்பைத் தேடி எத்தனை வருஷம் குருட்டுத்தனமாகக் குடைந்திருக்கிறான்! இங்கே ஒரு மனிதர் எங்கே தோண்ட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுகிறார்.

"மிஸ்டர் கங்காஸ், உங்க கடையில எதெல்லாம் அளவோட இருக்கு?"

"அடுப்பு சார். அப்புறம் என் பெண்டாட்டி கை."

வகுப்பு சிரித்தது. பாஸ்கோவும் சிரித்தார்.

"அந்தக் கைக்கு மணிக்கு என்ன கூலி?"

"கூலியா? அவ என் பெண்டாட்டி சார்."

"அப்ப கூலின்னு இருக்கற கட்டத்துல என்ன போடுவீங்க?"

"பூஜ்யம்."

மறுபடியும் சிரிப்பு. பின்வரிசை மளிகைக்காரர் ஒருவர், "என் கடையிலயும் அதேதான்!" என்று கத்தினார். பாஸ்கோ மட்டும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"போடுங்க. ஆனா ஒண்ணு. சும்மா கிடைக்கற எதையும் இந்தக் கணக்கு மிச்சம் வைக்காது. எல்லை எதுவோ அதுவரைக்கும் வழிச்சு எடுத்துக்கும். அதனால எல்லையப் பாத்துப் போடுங்க."

பாத்துப் போடுங்க. எவ்வளவு சின்ன வார்த்தை! அதைக் காதில் வாங்கிய ஆர்வோ, மனசில் வாங்கவில்லையே.

மறுநாள் லெம்பியிடம் கேட்டான். அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஓரம் மடிக்க முடியும் உன்னால?"

"எதுக்கு?"

"கணக்குக்கு."

"வேண்டிய மட்டும் முடியும்."

"அது நம்பர் இல்லையே லெம்பி."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். முடியாது என்று சொல்வது அவர்கள் வளர்ந்த வீடுகளில் வெட்கக்கேடு. அது அவனுக்கும் தெரியும், அவனும் அப்படி வளர்ந்தவன்தானே. ஆனால் எண் வேண்டுமே. யோசித்தான். நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் வாரம் நினைவுக்கு வந்தது. காட்டுக்குப் போகிறவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகும் வாரம் அது. அந்த ஒரு வாரம் மட்டும் சவுனாகூட இல்லாமல், விடியலில் நின்ற இடத்திலேயே இருட்டும் வரை நின்று மடிப்பாள். செய்திருக்கிறாள் அல்லவா? அப்படியென்றால் முடியும் என்றுதானே அர்த்தம்?

வருஷத்தில் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததை எடுத்து, எல்லா வாரத்துக்கும் எல்லையாக எழுதினான் அந்தப் பாவி.

கட்டம் போட்ட தாளில் கோடுகள் விழுந்தன. ஒரு பக்கம் பாஸ்டி, ஒரு பக்கம் நிசு. பழைய வழக்கப்படி லெம்பியின் கை உழைக்கும் நேரத்துக்குக் கோட்டைப் போட்டபோது மூலையில் இரண்டும் இருந்தன, கொஞ்சம் பாஸ்டி, கொஞ்சம் நிசு. கையின் கோட்டை வெளியே நகர்த்த நகர்த்த லாபம் ஏறியது, நிசு இறங்கியது. மான் வேட்டை வாரத்துக்கு வந்து நின்றபோது நிசு பூஜ்யமாகிவிட்டது. அந்த மூலையில் லாபம் அவன் கனவிலும் காணாத உயரத்தில் நின்றது.

ரூடி வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் அவன்.

"என்ன மச்சான், கோடு கோடாப் போட்டுட்டிருக்க? ரோடு போடப் போறியா? சொல்லு, என் வண்டியக் கொண்டாறேன்."

"சிரி, சிரி. உன் தங்கச்சிக்கு ஏரிக்கரையில சவுனா வரப் போவுது. அப்ப வந்து சிரி."

"அவகிட்ட சொன்னியா?"

"கட்டி முடிச்சுட்டு சொல்வேன்."

அந்தக் கணக்கில் தப்பே இல்லை. மார்க்கெட் என்ற நகரத்தின் பெரிய கடைகள் உறைய வைத்த பாஸ்டியை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டன. நிசு முதலில் குறைந்தது, பிறகு நின்றது. சனிக்கிழமை மதியம் கடைக் கதவில் 'மூடியாச்சு' அட்டை திருப்பப்படவில்லை. கொல்லைப்புறத்தில் புகை இல்லை. "கொஞ்ச நாளைக்குத்தான்," என்றான் ஆர்வோ. "சரி," என்றாள் லெம்பி.

ரூடிதான் குதித்தான்.

"நிசு இல்லாம காபில என்னத்த நனைக்கிறது? உன் கோடு போட்ட பேப்பரையா? யோவ், ஒரு பொண்ண வேலைக்கு வச்சுத் தொலையேன். என் தங்கச்சி முகத்தப் பாரு, பனியில ஊறின அட்டப்பெட்டி மாதிரி ஆயிட்டா."

ஆர்வோ அதையும் கணக்கில் போட்டுப் பார்த்தான். வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கூலி உண்டு. லெம்பிக்குப் பூஜ்யம். பூஜ்யத்தின் பக்கத்தில் எந்தக் கூலியை வைத்தாலும் லாபம் இறங்கத்தானே செய்யும்?

"கணக்கு ஒத்துக்கல ரூடி."

"கணக்கு ஒத்துக்கலயா, நீ ஒத்துக்கலயா?"

ஆர்வோ தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

எல்லாம் கண்ணெதிரில்தான் இருந்தது. லெம்பி வேலைக்கு நடுவே கைகளைத் தொங்கவிட்டு உதறுவாள். மாவை உதறுகிறாள் என்று நினைத்தான். காபிக் கோப்பை அவள் கையிலிருந்து நழுவி உடைந்தது, பிறகு இன்னொன்று. களைப்பு என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் புறப்படும்போது சட்டைப் பொத்தானோடு வெகுநேரம் போராடிவிட்டு, பொத்தானே இல்லாத கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். "இது உனக்கு எடுப்பா இருக்கு," என்று சொன்னான் அந்தப் புண்ணியவான்! அவள் சிரித்தாள்.

சவுனா இருந்திருந்தால் அந்த ஆவிக்குள் ஒரு நாள் சொல்லியிருப்பாளோ என்னவோ. சொல்வதற்கு இருந்த ஒரே இடத்தையும் அல்லவா அவன் பூட்டி வைத்திருந்தான்.

இப்படியே நாள் ஓடி, சேர்ந்த பணத்தில் ஏரிக்கரை நிலம் கைக்கு வந்தது. ஆர்வோவும் ரூடியும் மரங்களை அறுத்து அடுக்கி, ஒரே கோடையில் சவுனாவைக் கட்டி முடித்தார்கள். கனத்த இரும்பு அடுப்பு. அதன் கதவுக்கு ஓர் இரும்புக் கொக்கி. சூடானால் தொட முடியாது, ஒரு மரக்கட்டையால் தட்டித்தான் திறக்க வேண்டும். நல்ல மரப்பிடி ஒன்று செதுக்கி மாட்ட நினைத்தான். நேரம் கிடைக்கவில்லை.

இலைகள் சிவந்து கொட்டும் ஒரு சனிக்கிழமை, மாவு வாங்கப் போகலாம் என்று சொல்லி லெம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கரையில் சவுனாவைப் பார்த்ததும் அவள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருது?"

"உன்னுது."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதை வைத்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. ஆர்வோவுக்கு அந்த நிமிஷம் செத்துப்போனால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. இதற்காகத்தானே அத்தனை கோடுகளும்!

கல் சூடேறியது. தேன் நிறத்து மாலை வெளிச்சம் சின்ன ஜன்னல் வழியாக வந்தது. ஆர்வோ மேல்பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். கீழே லெம்பி பேசிக்கொண்டிருந்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு! அப்பாவின் சவுனா, தண்ணீரில் முதலில் விழுவதற்கு ரூடியோடு போட்ட சண்டை, ஒரு தடவை உடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாய். பேசிக்கொண்டே சிரித்தாள். அந்தக் குரலை அவன் குடித்துக்கொண்டிருந்தான்.

ஏதோ கருகும் வாடை வந்தது.

கண்ணைத் திறந்தான். விறகு போடுவதற்காக லெம்பி அடுப்புக் கதவின் கொக்கியைப் பிடித்திருந்தாள். வெறுங்கையால். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் பழுத்த இரும்பின்மேல் அழுந்தியிருந்தன. அவள் முகம் அவன் பக்கம் திரும்பி, நாய்க் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"லெம்பி! கை! கைய எடு!"

அவள் குனிந்து பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மெதுவாக எடுத்தாள்.

ஆர்வோ அவளை இழுத்துக்கொண்டு போய் ஏரியில் அந்தக் கையை முக்கினான். அவள் ஆசைப்பட்ட தண்ணீர்தான். தோல் உரிந்து மிதந்தது. அவள் கத்தவில்லை. அவன்தான் கத்திக்கொண்டிருந்தான்.

மார்க்கெட் நகரத்து மருத்துவர் மருந்து கட்டிவிட்டு, இரண்டு கைகளின் விரல்களையும் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தெரியுதா? தெரியல. இங்கே? தெரியல. ஒரே வேலையை ஓயாமல் செய்து மணிக்கட்டில் நரம்பு நசுங்கிப் போயிருக்கிறது, ரொம்ப முன்பே வந்திருக்க வேண்டும், அறுவை செய்தால் நோவு போகும், உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. ஊர் எல்லை வந்தபோது ஆர்வோ கேட்டான்.

"ஏன் சொல்லல?"

லெம்பி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

"எவ்வளவு முடியும்னு கேட்ட. சொன்னேன்."

"லெம்பி..."

"எவ்வளவு செய்யணும்னு ஆசைன்னு நீ கேக்கலையே ஆர்வோ. கேட்டிருந்தா நிசு பிசையணும்னு சொல்லியிருப்பேன். அதுல பணம் வராதுன்னு நீ சொல்லியிருப்ப." அவன் பக்கம் திரும்பி, "வண்டியப் பாத்து ஓட்டு. கண்ணு மறைக்குது உனக்கு," என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

அறுவை முடிந்தது. நோவு போயிற்று. உணர்ச்சி வரவே இல்லை. லெம்பி கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கிக் குடிக்கப் பழகிக்கொண்டாள். பெரிய கடைகளுக்கு அனுப்புவதை ஆர்வோ நிறுத்திவிட்டான். வேலைக்கு ஒரு பெண் வந்தாள், கூலிக்கு. அவனும் ஓரம் மடிக்கக் கற்றுக்கொண்டான்.

"என்ன மச்சான் இது," என்று ரூடி ஒன்றைத் தூக்கிக் காட்டினான், "பாஸ்டியா, என் வண்டி ஏறின பூட்ஸா?" சொல்லிவிட்டு அதையே கடித்தான். கடித்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு நாள் பாஸ்கோ பாஸ்டி வாங்க வந்தார். ஆர்வோ மடித்த ஓரத்தையும், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த லெம்பியின் கைகளையும் பார்த்தார். சங்கடத்தோடு, "அன்னைக்கு நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்," என்றார்.

"உங்க கணக்குல தப்பில்ல சார். நான் கொடுத்த நம்பர்தான் தப்பு."

அந்தக் கட்டம் போட்ட தாளை அவன் இன்னும் எறியவில்லை. சில சமயம் எடுத்து விரித்து, கையின் கோட்டை எங்கே போட்டிருக்க வேண்டும் என்று பென்சிலால் தேடுவான். சரியான இடம் அகப்படுவதில்லை. எங்கே வைத்தாலும் ஏரிக்கரைச் சவுனாவின் கொக்கி கண்முன் வந்து நின்றுவிடும். அந்தக் கொக்கிக்கு இப்போது பிர்ச் மரத்தில் அழகான பிடி உண்டு. செதுக்கி மாட்ட ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மறுபடியும் அட்டை திரும்புகிறது. வெள்ளிக்கிழமை நிசுவும் உண்டு. மாவு பிசைவது ஆர்வோ. பதம் பார்ப்பது லெம்பி.

முதல் வெள்ளிக்கிழமை அவன் மாவு உருண்டையை ஒரு தட்டில் வைத்து அவளிடம் கொண்டுபோனான். லெம்பி விரல்களை அதில் ஊன்றினாள். அழுத்தினாள். விரல்கள் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கையை எடுத்துவிட்டாள். ஆர்வோ தட்டைத் திரும்ப எடுக்கப் போனபோது, "இரு," என்றாள். குனிந்து, கன்னத்தை மாவின்மேல் வைத்தாள். தூங்குகிற பிள்ளைமேல் சாய்வது போல அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"இன்னும் இறுக்கமா இருக்கு. பிசை."

"எவ்வளவு நேரம்?"

"அவசரமா உனக்கு?"

"இல்ல லெம்பி. இல்ல."

அவள் கன்னத்தில் மாவு வட்டமாக ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, அவனும் துடைக்கவில்லை. மேசைக்குப் போய், ஏலக்காய் வாசம் எழ எழப் பிசைந்தான். பிசைந்துகொண்டே காதைப் பின்னால் வைத்துக் காத்திருந்தான். அந்தப் பாட்டின் ஒரு முணுமுணுப்பு வந்தால் போதும், என்ன பாட்டு என்று இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும்.

மாவு மெத்தென்று ஆயிற்று. அடுப்பு தயாராயிற்று. லெம்பி பாடவில்லை.